இடி இடித்தால் காளான் முளைக்குமா?

காளான் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பார் எங்கள் அப்பத்தா. உண்மையா?

அப்பத்தா கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். இடியோடு மழை வரும், மண் குளிரும், சில நாளில் புற்றுக்காளான் தலைகாட்டும். ஜப்பானிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே இவாத்தே பல்கலைக்கழகத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தபோது சில வகைகள் கூடுதலாகவே விளைந்தன.

ஆனால் முக்கிய வேலை மண்ணுக்கடியில் முன்பே நடந்திருக்கும். கரையான் தான் தின்று கழித்த இலைதழையைக் கடற்பஞ்சு போல அடுக்கி, அதில் பூஞ்சை வளர்க்கிறது. தனக்குச் செரிக்காத நாரை அந்தப் பூஞ்சை பதமாக்கித் தர, அதைத் தின்கிறது. அடுத்த தடவை காளானை வெடுக்கென்று பிடுங்காமல் சுற்றிலும் மண்ணைக் கிளறிப் பாருங்கள். எலிவால் மாதிரி ஒரு வேர் கீழே இறங்கிக்கொண்டே போகும். அது போய் முடிகிற இடம் கரையானின் தோட்டம்!

கேள்வி: பாம்புப் புற்றில் முளைத்தது விஷமாமே?

பாம்பு அங்கே குடிவந்தது மட்டும்தான். காளானின் நஞ்சு அதன் வகையைப் பொறுத்தது, பாம்பால் ஏறுவதில்லை.

கேள்வி: பூண்டோ வெள்ளிக்காசோ போட்டு வேகவைத்து, கறுக்காவிட்டால் சாப்பிடலாமா?

வேண்டவே வேண்டாம். உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகைகளின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அப்புறம் வாந்தி, பேதி. நடுவில் தெளிந்த மாதிரி இருக்கும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அடையாளம் உறுதியாகத் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்குள் காளான் பூத்தால் தரித்திரமா?

பழைய பயம் இது. புறநானூறு 164-இல் பெருந்தலைச் சாத்தனார் தன் வறுமையைக் குமணனிடம் சொல்லும்போது, சமையலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது என்கிறார். ஆம்பி என்றால் காளான். தீ மூட்டாத அடுப்பில் ஈரம் ஏறியது, ஈரத்தில் காளான் வந்தது. வறுமைதான் முதலில் வந்தது. உங்கள் வீட்டில் எங்காவது குழாய் கசிகிறதா பாருங்கள்.

கேள்வி: என் மகன் நாய்க்குடையைக் கண்டால் மிதிக்கிறான். ஆசை வர என்ன செய்யலாம்?

தண்டை நறுக்கிவிட்டு, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வையுங்கள். காலையில் அவனையே திறக்கச் சொல்லுங்கள். குடையின் அடி மடிப்புகள் வித்துத்தூளால் கோடுகோடாகத் தாளில் பதிந்திருக்கும். புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடையிலிருந்து பச்சைத் தூள் விழுந்தால், அது வயிற்றைப் புரட்டியெடுக்கும் நச்சு வகை. சரி, பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.