ரிஜிஸ்டரை மூடிவிட்டு முதலில் அலமாரியைத் திறங்கள்

வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் பரிசோதனை லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ரசாயனங்களைப் பதியும் ரிஜிஸ்டருக்கும் அவை இருக்கும் அலமாரிக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய ரிஜிஸ்டரை அடித்துத் திருத்தாதீர்கள், அதன் மீதான நம்பிக்கையே போய்விடும். புது நோட்டில் இன்றைய தேதி போட்டு, ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்து எழுதுங்கள்: பெயர், செறிவு, அளவு, வந்த நாள், திறந்த நாள். முக்கியமாக, எந்தத் தட்டில் இருக்கிறது என்பது. நான் வாணியம்பாடியில் வேலை பார்த்த லேபில் இடம் எழுதக் கட்டமே கிடையாது. சோடியம் சல்பைடு டப்பாவும் ஃபார்மிக் அமிலமும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பக் கூடாது, செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். அன்று டப்பாவை இடம் மாற்றும்போது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

லேபிள் அழிந்த பாட்டிலை முகர்ந்து பார்க்காதீர்கள். 'தெரியாதது' என்று எழுதி ஒட்டிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ரசாயனத்தின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளில் (SDS) 16 பகுதிகள் உண்டு. முதலில் 4, 7, 10 படியுங்கள்: முதலுதவி, சேமிப்பு, எதோடு சேரக் கூடாது. உதாரணமாக, அடர் ஃபார்மிக் அமிலம் மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும். நம்ம ஊர் வெயிலில் இறுக மூடிய பாட்டிலில் அழுத்தம் ஏறும். இந்தத் தாள்கள் உள்ள ஃபைலைப் பூட்டிய பீரோவில் வைக்காமல் வாசல் பக்கம் வையுங்கள்.