பழைய செட்டிநாட்டு வீட்டில் மரச்சாமான்களையும் படங்களையும் எப்படி அமைப்பது?

காரைக்குடிப் பக்கம் ஐயா (தாத்தா) காலத்து வீட்டைப் பழுதுபார்த்து முடித்துவிட்டீர்கள், இனி அதற்கேற்ற சாமான்களும் படங்களும் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடம் முன்பு எங்கள் வீட்டிலும் இதே வேலைதான்.

முதலில் எதையும் வாங்காதீர்கள். இரண்டு நாள் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து, படுத்து, சாப்பிட்டு வாழ்ந்தவர்கள் கட்டிய வீடு அது. நாங்கள் இது தெரியாமல் சென்னையிலிருந்து பெரிய சோபா செட்டைக் கொண்டுபோய்ப் பட்டாலை என்ற கூடத்தில் போட்டோம். தேக்குத் தூண்கள் பாதி மறைந்தன, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையும் மறைந்தது. பத்தே நாளில் அது மாடிக்குப் போய்விட்டது. இப்போது அங்கே ஊஞ்சல், பிரம்பு பின்னிய நாற்காலி இரண்டு, ஐயாவின் சாய்வான கணக்குப்பெட்டி, அவ்வளவுதான். நடுவில் கம்பளம் வேண்டாம். கால் பட்டுப் பட்டுத்தான் அந்தக் கல்லுக்குப் பளபளப்பு வரும். எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் படங்கள். அப்பத்தா இருந்தபோது எல்லாப் படமும் கதவு நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்ந்து தொங்கும். எதற்கு இவ்வளவு உயரம் என்று சின்ன வயதில் நினைப்பேன். பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தச் சாய்வில் சாமியின் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது; முற்றத்து வெளிச்சமும் கண்ணாடியில் பட்டுக் கூசவில்லை. நீங்களும் அப்படியே மாட்டுங்கள்.

ஆனால் சுவரில் டிரில் போடவே விடாதீர்கள். சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்கிய சுவர் அது. எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியன் ஒரே ஒரு துளை போட்டார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஒட்டுப் போட்ட இடம் இன்றைக்கும் மங்கலாகத் தனியாகத் தெரிகிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. நிலைக்கு மேலே பழைய மரமுளைகள் இருந்தால் அவற்றிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் ஈரத்துணி வைக்கக் கூடாது. வண்ணம் தீட்டியிருப்பதே அந்தப் பக்கம்தான், துணியோடு வந்துவிடும்.

கடையில் பர்மா தேக்கு நாற்காலி என்று காட்டினால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் புது மரமும் பளபளக்கும் புது ஸ்குரூவும் தெரிந்தால் வேண்டாம்.

அதற்கும் முன்னால் உங்கள் பரணை ஒருமுறை முழுக்க இறக்கிப் பாருங்கள். 1894-இல் பம்பாயில் ஓவியர் ரவி வர்மா அச்சகம் தொடங்கிய பிறகு அந்த அச்சுப் படங்கள் நம் ஊர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் பரணில் பழைய பித்தளைத் தூக்குகளுக்கு அடியில், வேட்டியில் சுற்றி ஒரு லட்சுமி படம் கிடைத்தது. சேலைமேல் ஜரிகைத் துணியும் சின்னச் சின்ன மணிகளும் ஒட்டி, ஓரத்தில் தையல் போட்டிருக்கிறது. அப்பத்தா கல்யாணமாகி வந்த புதிதில் செய்த கைவேலையாம். இப்போது முகப்பைத் தாண்டி உள்ளே வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.