கார்டு மெஷின் வாங்கலாமா? மலைக்கு மேலேயும் கீழேயும் இருந்து வந்த கேள்விகள்

மலைக்குக் கீழே கம்பம், கூடலூர், மேலே கேரளத்துக் குமுளி பக்கத்துக் கடைக்காரர்களிடமிருந்து ஒரே விஷயமாகக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சீசன் தொடங்கும் முன் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இதுவரை ரொக்கமும் ஸ்கேனரும்தான். தேக்கடிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் கார்டை நீட்டுகிறார்கள். "இல்லை" என்றதும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மெஷின் கொடுக்க வந்த பையன், "வாடகையே கிடையாது சார், கையெழுத்துப் போடுங்க" என்கிறான். போடலாமா ஐயா?

பதில்: உங்கள் கடைக்கு மெஷின் தேவைதான். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பையனை உட்கார வைத்துச் சில விவரம் கேளுங்கள்.

வாடகை இல்லை என்பதில் மயங்க வேண்டாம். மெஷின் கொடுப்பவர்களுக்கு வருமானமே ஒவ்வொரு பில்லிலும் கழிக்கும் கமிஷனில்தான் இருக்கிறது. அதற்கு எம்.டி.ஆர். என்று பெயர். கார்டுக்குக் கார்டு இது மாறும். ரூபே டெபிட் கார்டுக்கும் சாதாரண யூபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கமிஷன் பூஜ்யம். விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேல் இருந்தால் 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி எந்த வரம்பும் இல்லை. பேசித்தான் வாங்க வேண்டும். உள்ளூர் கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டிச் சொல்வார்கள், வெளிநாட்டுக் கார்டுக்கு அதைவிடக் கூடும். "கார்டுக்கு ரெண்டு பர்சன்ட் சார்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவரிடம், டெபிட், கிரெடிட், வெளிநாட்டுக் கார்டு மூன்றுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெளிநாட்டுத் தம்பதி எட்டு எம்எம் ஏலக்காயும் மிளகும் 12,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். கமிஷன் 3 சதவீதம் என்று வையுங்கள், 360 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி, 64 ரூபாய் 80 காசு. உங்கள் கணக்குக்கு வருவது 11,575 ரூபாய் 20 காசு. பத்து சதவீத லாபத்தில் விற்றிருந்தால் 1,200 ரூபாய் லாபத்தில் 425 ரூபாய் மெஷினுக்குப் போய்விட்டது. இருந்தாலும் அந்தத் தம்பதி பக்கத்துக் கடைக்குப் போகாமல் மீதி லாபம் உங்களிடம் தங்கியது. விலை வைக்கும்போதே இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று: 2,000 ரூபாய் வரையிலான பில்லில் வங்கி எடுக்கும் கமிஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சின்ன பில்லுக்கும் வரி சேர்த்துக் கழித்திருக்கிறார்களா என்று முதல் மாத ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள்.

அடுத்து, வெளிநாட்டுக் கார்டு எடுக்கும் வசதி அந்த மெஷினில் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் தனியாகக் கேட்டால்தான் திறந்துவிடுவார்கள். இதைக் கேட்காமல் வாங்கினால் நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அந்தக் கார்டே ஓடாது.

வெளிநாட்டுக் கார்டுகள் சிலவற்றில் பின் நம்பர் கேட்காது, ஸ்லிப்பில் கையெழுத்துதான். அந்த ஸ்லிப்பைக் கோணிப்பையில் திணித்துவிடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு வாடிக்கையாளர் "இந்தச் செலவு நான் செய்யவில்லை" என்று தன் வங்கியில் புகார் செய்தால், அந்தப் பணம் உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும். சார்ஜ்பேக் என்பது இதுதான். வங்கி சில நாள் அவகாசம் கொடுத்து ஸ்லிப்பையும் பில்லையும் கேட்கும். அந்தத் தாளோ வெப்பத்தில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றன்றைக்கே போனில் போட்டோ எடுத்துத் தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் "மசாலா பொருட்கள்" என்று பொதுவாக எழுதாமல் என்ன பொருள், எத்தனை கிராம் என்று எழுதுங்கள்.

மெஷினில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, ரூபாயிலா" என்று திரை கேட்டால் மெஷினை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிடுங்கள். நீங்களாக அழுத்த வேண்டாம். மாற்று விலை கூடுதலாக விழுந்தால் சண்டை உங்கள் கடைக்குத்தான் வரும்.

கேள்வி: கம்பத்தில் பெட்டிக்கடையும் ஜெராக்ஸும். பில் ஐம்பது, நூறுதான். ரூபே கிரெடிட் கார்டை ஸ்கேனரிலேயே ஏற்கலாம் என்கிறார்கள். என் ஸ்கேனரில் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

பதில்: நீங்கள் ஒட்டியிருப்பது உங்கள் சொந்த நம்பரின் கியூஆர். கிரெடிட் கார்டு அதில் ஓடாது. வணிகர் கியூஆர் என்று தனியாகப் பதிவு செய்து வாங்க வேண்டும். யூபிஐயில் ரூபே கிரெடிட் கார்டு வந்தது 2022இல். சிறு வணிகர் பிரிவில் இருந்தால் 2,000 ரூபாய் வரை கமிஷன் கிடையாது. உங்கள் வியாபாரத்துக்கு அதுவும், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஒரு சவுண்ட் பாக்ஸும் போதும். கார்டு மெஷின் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திராட்சை வியாபாரம் செய்கிறோம், கம்பம் பக்கம். மெஷின் வைத்தால் விற்றது எல்லாம் வங்கியில் பதிவாகி ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யூபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போனது. அந்தச் செய்தி எல்லை தாண்டி வந்து பல கடைகளில் ஸ்கேனரைக் கழற்ற வைத்தது. பயம் புரிகிறது. ஆனால் சட்டம் பார்ப்பது மொத்த விற்றுமுதலை. ரொக்கமாக வாங்கினாலும் அதே கணக்குதான்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. புதுத் திராட்சைக்கு ஜிஎஸ்டி இல்லை. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர், எவ்வளவு விற்றாலும், விற்பனைக்காகப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அதே கடையில் பாட்டில் ஜூஸும் உலர் திராட்சையும் வைத்து விற்றால் கதை மாறிவிடும். வரி உள்ளது, இல்லாதது இரண்டையும் கூட்டித்தான் தமிழ்நாட்டில் 40 லட்சம் என்ற வரம்பைப் பார்ப்பார்கள். அதனால் கடையில் என்னென்ன வைக்கிறீர்கள் என்பதை ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

வருமான வரியில் மெஷின் உங்களுக்கு லாபம்தான். கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாபம் காட்டும் சிறு வியாபாரிக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் காட்டினால் போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் சிக்னல் போய்விடுகிறது. வாடிக்கையாளர் போனில் பணம் கழிந்ததாக மெசேஜ் வருகிறது, எங்கள் மெஷின் "ஃபெயில்" என்கிறது. சரக்கைக் கொடுப்பதா வேண்டாமா? குமுளியில் மருந்துக்கடை.

பதில்: மெஷினை நம்புங்கள், மெசேஜை நம்பாதீர்கள். வெற்றி ஸ்லிப் வந்தால் மட்டும் பணம் உங்களுக்கு வரும். உங்களுக்கு உறுதி வராமல் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த தொகை, 5 நாளில் தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவரது வங்கி கொடுக்க வேண்டும். இதை அவரிடம் நிதானமாகச் சொல்லி, தோல்வி ஸ்லிப்பைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த ஸ்லிப்தான் அவருக்கு ஆதாரம்.

மருந்துக்கடையில் இதோடு நின்றுவிட முடியாது என்பதும் தெரியும். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டு நிற்பவரிடம் 5 நாள் பொறு என்று சொல்ல முடியுமா? தெரிந்த முகம் என்றால் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுங்கள். அது உங்கள் கடை, உங்கள் ஊர்.

எல்லைப்பக்கம் இன்னொரு தொல்லை: மெஷினில் இருக்கும் சிம் ஒரு நேரம் கேரள டவரையும் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடித்துத் தத்தளிக்கும். வைஃபையில் இணைக்க முடிகிற மாடலாகக் கேளுங்கள். சிக்னல் தவிக்கும்போது பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி இரண்டு முறை பணம் எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது தடவை தேய்க்கும் முன் மெஷினில் கடைசிப் பரிவர்த்தனை என்ன ஆனது என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கு குமுளியில் ஒரு கடை, கம்பத்தில் ஒரு கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினை மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மெஷின் பதிவான முகவரி கம்பம், மாநிலம் தமிழ்நாடு. கேரளக் கடைக்குத் தனி ஜிஎஸ்டி எண். மேலே விற்றதற்குக் கீழே உள்ள கடைப் பெயரில் ஸ்லிப் போனால் இரண்டு மாநிலக் கணக்கும் குழம்பும். மெஷின் எங்கே இருக்கிறது என்று வங்கிகள் இடம் குறித்து வைத்திருக்கின்றன. இடம் மாறி ஓடினால் நிறுத்தியும் விடுவார்கள். இரண்டாவது மெஷின் வாங்கிவிடுங்கள். மாத வாடகை கொடுத்தாலும் ஆடிட்டருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

கேள்வி: நான் வாங்குகிற ஆள், விற்கிற ஆள் இல்லை. ஒரு கடையில் கிரெடிட் கார்டு என்றதும் 2 சதவீதம் சேர்த்துத்தான் பில் போட்டார்கள். இது சரியா? (தேனி)

பதில்: டெபிட் கார்டு என்றால் சந்தேகமே இல்லை, தவறு. கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017 உத்தரவிலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டிலும் வங்கியோடு கடைக்காரர் போட்ட ஒப்பந்தம் பொதுவாக அதைத் தடுக்கும். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பில்லில் அந்த 2 சதவீதத்தைத் தனி வரியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். போட்டுக் கொடுத்தால் பில்லையும் ஸ்லிப்பையும் சேர்த்து, ஸ்லிப்பின் தலையில் எந்த வங்கிப் பெயர் இருக்கிறதோ அங்கேயும், உங்கள் கார்டு வங்கியிலும் புகார் எழுதுங்கள். உங்கள் வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால், அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், கட்டணம் இல்லை.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை: ரொக்கம் கொடுப்பவருக்கு வெளிப்படையாகத் தள்ளுபடி தருவதாக விலையை வையுங்கள். கார்டுக்காரரிடம் கூடுதல் வாங்குவதைவிடக் கௌரவமான வழி அது.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் கிரெடிட் கார்டில் 30,000 தேய்த்துவிட்டு ரொக்கமாகக் கேட்கிறார். 3 சதவீதம் தருகிறேன் என்கிறார். (கூடலூர்)

பதில்: வேண்டாம். விற்காத சரக்குக்கு விற்றதாக ஸ்லிப் போடுகிறீர்கள். ஒப்பந்த மீறல், மெஷின் பறிபோகும். அவர் தவணை கட்டாமல் விட்டால் விசாரணை உங்கள் கல்லாவுக்கு வரும். மெஷினில் ரொக்கம் கொடுக்கும் அனுமதி டெபிட் போன்ற கார்டுகளுக்கு மட்டும், அதுவும் சிறு தொகை வரைதான். கிரெடிட் கார்டுக்குக் கிடையாது. நண்பர் என்றால் கைமாற்றாகக் கொடுங்கள்.

கேள்வி: தேக்கடியில் நான்கு அறை கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறோம். முன்பதிவுக்கு விருந்தினர் கார்டு நம்பரையும் பின்பக்கத்து மூன்று எண்ணையும் போனில் சொல்கிறேன் என்கிறார்கள். குறித்து வைத்துக்கொண்டு மெஷினில் போடலாமா?

பதில்: நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். 2022 அக்டோபர் முதல் ஆன்லைன் கடைகள்கூட கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. நீங்கள் வரவேற்பறை நோட்டில் வைத்திருந்தால், நாளை எங்கோ அந்தக் கார்டு தவறாக ஓடினால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

மெஷின் கொடுத்தவரிடமே பேமெண்ட் லிங்க் வசதி கேளுங்கள். தொகை, அறை, தேதி போட்டு லிங்க் அனுப்பினால் விருந்தினர் தன் போனிலேயே கட்டிவிடுவார். கார்டு நேரில் இல்லாத பரிவர்த்தனை என்பதால் இதற்குக் கமிஷன் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். வெளிநாட்டுக் கார்டு ஏற்குமா என்று இதற்கும் தனியாகக் கேளுங்கள்.

வராமல் போனால் பணம் திரும்புமா, எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதை லிங்க் அனுப்பும் அதே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, "சரி" என்று அவர் பதில் போட்ட பிறகு லிங்க்கை அனுப்புங்கள். கார்டைக் கையால் தொடாத பரிவர்த்தனையில் சார்ஜ்பேக் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த "சரி"தான். அதற்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு அறையை ஒதுக்குங்கள்.