காகத்துக்கும் பெயர் உண்டு

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

என் கணவர் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். கையில் பாதிகூட இல்லை. ‘என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்’ என்ற வசனத்தை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஜார்ஜ் முல்லரைப் போல நானும் இதை யாரிடமும் சொல்லவில்லை, கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை. வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வரும் சகோதரர் ஒருவர் கவலைப்படுவதே அவிசுவாசம் என்கிறார். நம்பிக்கையோடு ஐயாயிரம் ரூபாய் காணிக்கை விதைத்தால் கர்த்தர் நூறத்தனையாகத் தருவார் என்றும் சொன்னார். என் சங்கிலியை அடகு வைக்கலாமா? அதுவும் அவிசுவாசம்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலியைத் தாராளமாக அடகு வையுங்கள். தெருமுனைக் கடைக்குப் போகாமல் வங்கியில் வையுங்கள். கல்விக் கடனுக்கும் மனுப் போடுங்கள். கடன் வாங்குவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 37ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுங்கள். நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்ற 25ஆம் வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. நீதிமான் நித்தம் இரங்கிக் கடன் கொடுக்கிறானாம். கொடுப்பவன் நீதிமான் என்றால், வாங்குகிறவள் மட்டும் எப்படிப் பாவியாவாள்?

ஐயாயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். இதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்குப் பொறுமை இல்லை. கொடுப்பது ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சகோதரரின் பைபிளில் எட்டாம் அதிகாரம் கிழிந்துபோயிருக்கலாம். தூக்கம் வராததற்கும் வெட்கப்பட வேண்டாம். இயேசு வியாகுலத்தோடு விழித்திருந்து ஜெபித்த கெத்செமனேயில் நன்றாகத் தூங்கியவர்கள் சீஷர்கள்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொரு வரி. ‘ஜார்ஜ் முல்லரைப் போல யாரிடமும் சொல்லவில்லை.’ சென்ற மாதம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இதே முல்லர் கதையைக் கேட்டுவிட்டு எரிச்சலோடு வீடு திரும்பியவன் நான். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

பிரஷ்யாவில் 1805இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதை இல்லம் தொடங்கியவர் முல்லர். பிற்காலத்தில் அந்நகரின் ஆஷ்லி டவுன் பகுதியில் ஐந்து பெரிய கட்டடங்கள், ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பிள்ளைகள் என்று அது வளர்ந்தது. அவர் யாரிடமும் பணம் கேட்கவில்லை என்பது உண்மை. 1841இன் இறுதியில் கையில் காசில்லாத நெருக்கடி. அந்த நேரத்தில் ஆண்டறிக்கை வெளிவந்தால் ஜனங்கள் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று அறிக்கையையே தள்ளிவைத்தார். அவ்வளவு பிடிவாதக்காரர்.

ஆனால் தள்ளிவைப்பதற்கு ஓர் அறிக்கை இருந்தது, பாருங்கள். ஆண்டுதோறும் அச்சடித்தார். வந்த காசுக்கும் செலவான காசுக்கும் கணக்குக் காட்டினார். கொடுத்தவருக்கு ரசீது கொடுத்தார். அந்த இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நம் டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கை உள்ளவர்தான். ஆனால் அங்கிருந்து அவர் எழுதிய புத்தகங்களுக்குக் குறைவில்லை. இவர்கள் கேட்காமல் இருந்தவர்கள், மறைத்தவர்கள் அல்ல. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு முல்லரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். உங்களைத் தடுப்பது விசுவாசம் இல்லை அம்மா, கௌரவம். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். எனக்கும் அந்தப் பக்கத்து மனிதர்களைத் தெரியும்.

நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் அதற்கு முன் வசனத்தை வாசியுங்கள். பவுல் சிறையில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவன் கையில் உதவி கொடுத்தனுப்புகிறார்கள். அது கிடைத்தது என்று பவுல் எழுதுகிற இடம் அது. கொண்டுவந்தவனின் பெயர் இருக்கிறது; அவன் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்த கதைகூட அதே நிருபத்தில் இருக்கிறது. அதன் பிறகுதான் ‘என் தேவன்’ வருகிறார். நாம் ஆளை வெட்டி எறிந்துவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் காலண்டரில் அடிக்கிறோம்.

என் அப்பா நாங்குநேரிப் பக்கம் ஒரு சிற்றூரில் சபையை நடத்திய உபதேசியார். சம்பளம் மாதக் கணக்கில் வராது. கைப்பிடி அரிசிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்தச் சபைப் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு பங்கு எங்களுக்கு. சிவப்பரிசி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பதமாக வடிக்க யாராலும் முடியாது. ஒன்று குழைந்துபோகும், பக்கத்திலேயே இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அம்மா அதைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கும்போது எது எந்த வீட்டு அரிசி என்று சொல்லிவிடுவாள். ஒரு வாரம் ஒரு வீட்டு அரிசி வெறும் குருணையாக இருந்தது. “அங்கே நெல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று அப்பாவை அனுப்பிவைத்தாள். அவர் திரும்பி வந்ததும் எங்கள் பானையிலிருந்து ஒரு படி அரிசி அந்த வீட்டுக்குப் போனது.

ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையில் அப்பா எழுந்து நின்று, “எலியாவைக் காகங்களைக் கொண்டு போஷித்த தேவன் எங்களையும் போஷிக்கிறார்” என்று சாட்சி சொன்னார். சபையே ‘ஆமென்’ என்றது. வீட்டுக்கு வந்ததும், தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் அம்மா பிடித்துக்கொண்டாள். “எந்தக் காகம்? மேலத்தெருப் பாட்டி நடக்க மாட்டாமல் நடந்துவந்து வைத்துவிட்டுப் போகிறாளே, அவளா காகம்? முன்வரிசைப் பாயில்தானே உட்கார்ந்திருந்தாள்? அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா?” அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

அம்மா அதிகம் படித்தவள் அல்ல, ஆனால் வேதத்தை ஒழுங்காக வாசித்தவள். காகங்கள் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது சில வசனங்கள்தான். பிறகு கேரீத் ஆறு வற்றிவிடுகிறது. கர்த்தர் அவனைச் சாறிபாத்தில் ஒரு விதவையிடம் அனுப்புகிறார். அவளிடம் இருந்ததே ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். எலியா அவளிடம் போய், தண்ணீர் கேட்கிறான், அப்பமும் கேட்கிறான். அத்தனை பெரிய தீர்க்கதரிசி வாய்விட்டுக் கேட்கிறான்! நம் சாட்சிக் கூட்டங்களில் காகம் மட்டும்தான் பறந்துகொண்டிருக்கிறது. சாறிபாத்துக்காரியின் பேச்சையே காணோம். உதவியவரின் பெயரை விழுங்கிவிட்டு ‘அற்புதம் நடந்தது’ என்று சொல்லிச் சொல்லியே, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவளுக்கு என்ன குறை என்று விசாரிக்கும் பழக்கத்தைச் சபைகள் மறந்துவிட்டன. அற்புதம் தானாக நடக்கும்போது நாம் ஏன் எழுந்திருக்க வேண்டும்?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ‘எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கையில் இருக்கிறது, கடைசித் தேதி என்ன என்று கணக்காகச் சொல்லுங்கள். அவர் கண்ணை மூடி ஜெபித்து வழியனுப்பிவிட்டால், வேண்டியதைக் கொடுக்காமல் ‘சமாதானத்தோடே போங்கள்’ என்று மட்டும் சொன்னால் பிரயோஜனம் என்ன என்று கேட்கும் யாக்கோபு இரண்டாம் அதிகாரம் 15, 16 வசனங்களை அங்கேயே வாசித்துக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், இந்த முறை சபையின் பெயரையும் சேர்த்து.

அன்புடன்.