பாலைவன நிலக்கரிச் சுரங்கத்தில் பணம் போடலாமா?

கேள்வி: மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது 57. சேமநிதியில் எடுத்த 60,000 வெள்ளி கையில் இருக்கிறது. பாகிஸ்தானின் தார் பாலைவனத்தில் நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் வருகிறது, பங்கு எடுத்தால் மாதம் 3 விழுக்காடு தருவோம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கம்பெனிப் பதிவுச் சான்றிதழையும், பளபளப்பான நிலக்கரித் துண்டு ஒன்றையும் காட்டினார். 2,000 வெள்ளி முன்பணம் ஆன்லைனில் அனுப்பிவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தாரில் நிலக்கரி இருப்பது உண்மை. சிந்து மாகாணத்தில் இருக்கும் அந்தப் படுகையின் மதிப்பீடு 17,500 கோடி டன். 2019-இல் அங்கே 660 மெகாவாட் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இந்த உண்மையைத்தான் தரகர்கள் தூண்டில் புழுவாக மாட்டுகிறார்கள். இணையத்தில் தேடினால் படம் படமாக வரும், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

சரி, அந்தத் துண்டுக்கு வருவோம். தாரில் இருப்பது நெய்வேலியில் எடுப்பதைப் போன்ற பழுப்பு நிலக்கரி. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டி வெயிலில் போட்டால் காய்ந்து வெடித்து, விரலால் நசுக்கினாலே உதிரும். குவித்து வைத்தால் தானாகவே புகையும். உங்களிடம் காட்டிய பளபளப்பான துண்டு அந்த மண்ணிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு ஈரமான கரியைத் தூரத்துக்கு ஏற்றிப் போனால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம் கட்டுகிறார்கள். கரிக்கு மேலே நூறு மீட்டருக்கும் அதிகமாக மணலும் மண்ணும் கிடக்கின்றன. ஊறிவரும் உப்புத் தண்ணீரை வேறு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2016-இல் கடன் ஏற்பாடு முடிந்த சுரங்கத்தில் 2018-இல்தான் கரி கண்ணில் பட்டது, மின்சாரம் 2019-இல். அதுவரை விற்க எதுவும் இல்லை. அப்படியிருக்க, அடுத்த மாதமே உங்களுக்கு 1,800 வெள்ளி எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பின்னால் பணம் கட்டுகிறவரின் பையிலிருந்துதான்.

அவர் காட்டியது எஸ்.எஸ்.எம். (மலேசியக் கம்பெனிப் பதிவு ஆணையம்) சான்றிதழ். அது கம்பெனி பதிவானதற்கு மட்டுமே ஆதாரம். முதலீடு திரட்ட, பங்குச் சந்தையையும் முதலீடுகளையும் கண்காணிக்கும் செக்கியூரிட்டீஸ் கமிஷனின் அனுமதி வேண்டும். அவர்களுடைய இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் ஆள் வேறு பெயரில் கடை திறந்துவிடுகிறான். என்னோடு கொதிகலன் பிரிவில் வேலை செய்தவர் இப்படி இழந்த பணத்துக்காக இரண்டு வருடம் அலைந்தார். ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அடுத்த கவுண்ட்டரைக் கைகாட்டினார்கள். நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. தார் பாலைவனத்தின் இந்தியப் பக்கத்தில், ராஜஸ்தானில் பிகானேர் அருகே பர்சிங்சரில், நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் அதே என்.எல்.சி. நிறுவனம் பழுப்பு நிலக்கரி வெட்டி 250 மெகாவாட் நிலையத்தை நடத்துகிறது. அதன் பங்குகள் இந்தியப் பங்குச் சந்தையில் விற்பனையாகின்றன. சிவப்பு அடையாள அட்டையோடு (நிரந்தரவாசிகளாக) இங்கே வாழும் இந்தியக் குடிமக்களும், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உள்ளவர்களும் முறைப்படி வாங்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) உங்கள் பெயரில், பணம் போவது உங்கள் கணக்கிலிருந்து. "என்னிடம் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது இந்த விதிவிலக்கில் சேராது. பங்கு விலை ஏறும், இறங்கும். மாதம் இவ்வளவு என்று யாரும் உறுதி தர முடியாது.

2,000 வெள்ளி விஷயத்தில் தாமதிக்காதீர்கள். தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் இன்றே கூப்பிடுங்கள். அப்புறம் பணம் அனுப்பிய ரசீதோடு போலீஸில் புகார் கொடுங்கள். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம்.