கேளுங்கள், சொல்கிறோம்: ஒரு துப்பாக்கி, மூன்று நம்பர்

கேள்வி: எங்கள் டவுன் மண்டபத்தில் பழைய தோட்டச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறோம். பால் வாளி, உளி, பெரட்டு மணி, இவற்றோடு குழல் அடைக்கப்பட்டு போலீஸ் அனுமதி பெற்ற குட்டை ரைபிள் ஒன்றும் இருக்கிறது. மலாயா அவசரகாலத்தில் (கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு மோதல் நடந்த ஆண்டுகளில்) தோட்டத்தைக் காத்த எஸ்.சி.மார், அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள்மார், தூக்கியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உடலில் ஒரு நம்பர், போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டில்) இன்னொன்று, முன்கட்டையில் மூன்றாவது. மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) ‘எல்.பி.’ முத்திரை. இது அசலா, யாரோ ஒட்டுப்போட்டதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நம்பர் மாறியிருப்பதால் மட்டும் போலி என்று தள்ளிவிட வேண்டாம். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதானால் ஆர்மரர் (பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்ப்பவர்) கையில் கிடைத்த நல்ல பாகத்தை மாட்டி வேலையை முடிப்பார். நம்பர் ஒத்துப்போகிறதா என்ற கவலை பிற்காலத்துச் சேகரிப்பாளர்களுடையது. நீங்கள் முதலில் தீர்க்க வேண்டியது, இது பிறந்தபோதே குட்டையா, பிறகு வெட்டிக் குட்டையாக்கியதா என்பதைத்தான்.

நீங்கள் சொல்வது லீ-என்ஃபீல்டு நம்பர் 5 மார்க் 1 ஆக இருக்கலாம். ‘ஜங்கிள் கார்பைன்’ (காட்டுக்கான குட்டை ரைபிள்) என்று பெயர் பெற்றது. 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் ஃபசாக்கர்லி, ஷெர்லி என்ற இரண்டே இடங்களில் செய்தார்கள். நீளம் ஏறக்குறைய 1 மீட்டர், எடை 3.2 கிலோ. சாதாரண நம்பர் 4 ரைபிள் இதைவிட சுமார் 13 செ.மீ. நீளம், எடையும் சுமார் 4 கிலோ. பிற்காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் நம்பர் 4-ஐ வெட்டி, நுனியில் சுடும்போது வரும் தீச்சுடரை மறைக்கும் கூம்பு மாட்டி, கார்பைன் என்று விற்றார்கள். கூம்பையும் ரப்பர் பின்தகட்டையும் யாராலும் மாட்ட முடியும் என்பதால் அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் பின்குறியின் ஏணியை, அதாவது குறிபார்க்கத் தூரம் வைக்கும் அளவுத் தகட்டை, பாருங்கள். நம்பர் 5-இல் அளவு 800 கெஜத்தோடு நிற்கும். 1300 வரை போனால் அது நம்பர் 4-இன் ஏணி. ஆனால் ஏணியையும் மாற்றலாம். அடுத்தது நுனிக்கூம்பு: அசலில் இரண்டு குறுக்கு ஊசிகள் அதைப் பிடித்திருக்கும், அடியில் பயனெட் மாட்டும் முனை இருக்கும். சிறு திருகு ஒன்றுதான் பிடித்திருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஏமாற்றவே முடியாத சாட்சி மரத்துக்கு அடியில் இருக்கிறது. முன்வளையத் திருகைத் தளர்த்தி மேல்கட்டையை மட்டும் தூக்குங்கள். குழல் உடலுக்குள் இறங்கும் தடித்த பகுதியில் எடை குறைப்பதற்காக வெட்டிய பள்ளங்கள் தெரிந்தால் அது தொழிற்சாலை வேலை. உடலின் இடப்பக்கச் சுவரிலும் அதே காரணத்துக்காக இரும்பைக் குடைந்திருப்பார்கள். வெட்டிக் குட்டையாக்கியவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

இனி நம்பர்களுக்கு வருவோம். துப்பாக்கியின் பெயர், தொழிற்சாலை, மாதம், ஆண்டு எல்லாம் உடலின் இடப்பக்கத்தில் இருக்கும். துப்பாக்கி என்று நாம் சொல்வது அந்த உடலைத்தான், மற்றவை அதில் வந்து சேர்ந்தவை. ‘எல்.பி.’ என்பது கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை. அங்கே நம்பர் 5 செய்யவே இல்லை, ஆனால் நம்பர் 4-இன் மேகசின் இதில் அப்படியே உட்காரும். ஆகவே அது பிறகு வந்த பாகம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. சதுர எழுத்தில் ‘எஸ்’ இருந்தால் அமெரிக்காவின் சேவேஜ், ‘எம்47’ இருந்தால் ஷெர்லி. எஃப்.டி.ஆர். என்றும் அருகில் ஆண்டும் இருந்தால், அந்த ஆண்டில் தொழிற்சாலைக்கே போய் முழுப் பழுதுபார்ப்பு முடித்து வந்திருக்கிறது. கலப்புப் பாகங்களுக்குப் பெரும்பாலும் விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

போல்ட் மட்டும் வேறு கதை. அது ஒவ்வொரு உடலுக்கும் பொருத்திப் பார்த்து மாட்டப்படுவது. நம்பர் 4, 5 இரண்டிலும் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என நீளத்தில் மிக நுண்ணிய வித்தியாசத்தோடு வரும். தேய்மானத்தைச் சரிக்கட்ட ஆர்மரர் அடுத்த அளவை மாட்டுவார். முறையாக மாற்றியிருந்தால் போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் பழைய நம்பரின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் உடலின் நம்பரை அடித்திருப்பார். கோடும் இல்லை, புது நம்பரும் இல்லை என்றால் அது பட்டாளத்துக்கு வெளியே மாறியது. நேர்மாறாக, நம்பர் ஒத்திருந்தும் எழுத்தின் அடிப்பகுதி பளபளவென்று, சுற்றிலும் அரம் போட்ட தடத்தோடு இருந்தால், விலை ஏற்றுவதற்காக நேற்று அடித்தது அது!

முத்திரையைப் படிக்க உப்புத்தாள், கம்பித் தூரிகை, அமிலம் எதுவும் வேண்டாம். எழுத்து போனால் போனதுதான். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், அல்லது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால் உள்ளேயே வியர்த்து மரத்துக்கு அடியில் துரு ஓடும்.

எஸ்.சி.மார் தூக்கியதா என்பதற்கு வருவோம். உங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று துரைமார் சுடப்பட்டதிலிருந்துதான் அவசரகாலமே தொடங்கியது. அந்த ஆண்டுகளில் இந்த ரகம் மலாயாவில் புழங்கியதும் உண்மை. ஆனால் உடலில் உள்ள நம்பரை வைத்து எந்த ஆள், எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்க முடியாது. துப்பாக்கியோடு வந்த கடிதம், பழைய லைசென்ஸ், ஆண்டு தெரியும் புகைப்படம் இவற்றில் ஒன்றாவது இருந்தால் அட்டையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘இப்பகுதியில் சொல்லப்படுவது’ என்று எழுதினால் போதும்.

கேள்வி: எங்கள் காட்சியில் உள்ள நீள ரைபிளின் வலப்பக்கம் ‘லித்கோ 1941’ என்று இருக்கிறது. முன்கட்டையில் ‘ஸ்லாஸ் 43’. 1942-இல் கெமாசில் சண்டை போட்ட ஆஸ்திரேலியர் விட்டுப்போனதுதானே?
– வாசகர், கெமாஸ்

பதில்: உடல் அப்படி வந்திருக்கலாம், கட்டை வந்திருக்க முடியாது. ‘ஸ்லாஸ்’ என்பது ஸ்லாசெஞ்சர். ஆம், டென்னிஸ் மட்டை செய்தவர்களேதான், போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் லித்கோ துப்பாக்கித் தொழிற்சாலைக்குக் கட்டை செய்து கொடுத்தார்கள். 43 என்பது ஆண்டு, சிங்கப்பூர் விழுந்ததோ 1942 பிப்ரவரி 15. ஆக, 1943-க்குப் பிறகு ஏதோ ஒரு பட்டறையில் இந்தக் கட்டை ஏறியிருக்கிறது. உடல் ஆஸ்திரேலியாவை விட்டு நகர்ந்ததே அதற்கும் பிறகு என்றாலும் பொருந்தும். பின்கட்டையில் ‘2 எம்.டி.’ போன்ற குறி இருக்கிறதா பாருங்கள். அது இராணுவ வட்டாரம், 2 என்றால் நியூ சவுத் வேல்ஸ்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் நீள ரைபிள் லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ரகம்; இதில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைத் திருகாதீர்கள். உள்ளே இருக்கும் நீளத் திருகின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். திருகு சுற்றினால் தகடும் சுற்றப் பார்க்கும், முன்கட்டை பிளந்துவிடும். பிளந்த கட்டைகளில் பல இப்படித்தான் பிளந்தவை.

கேள்வி: மறுநடவுக்குத் தோண்டியபோது துருப்பிடித்த ரைபிளும் தோட்டாக்களும் கிடைத்தன. சுத்தம் செய்து அடையாளம் காண்பது எப்படி?
– வாசகர், பீடோர்

பதில்: தொடாதீர்கள். கழுவவும் இழுக்கவும் வேண்டாம், பக்கத்தில் கையெறி குண்டு இருந்தாலும் இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களை விலக்கி, 999-க்கு அடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. துருப்பிடித்த தனிப் பாகம்கூட 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதமே.

கேள்வி: 1946 என்று அடித்த கார்பைனை ‘தாத்தா ஐ.என்.ஏ.வில் தூக்கியது’ என்று ஒருவர் காட்டுகிறார். நம்பலாமா?
– வாசகர், கூலிம்

பதில்: தாத்தாவை நம்பலாம், கார்பைனை நம்ப முடியாது. ஐ.என்.ஏ. 1945-இலேயே முடிந்துவிட்டது. அவர்கள் கையில் பெரும்பாலும் இருந்தவை சிங்கப்பூரில் பிரிட்டிஷார் ஒப்படைத்த ஆயுதங்கள்; அவை ஒப்படைக்கப்பட்ட 1942-இல் நம்பர் 5 ரகம் பிறக்கவே இல்லை. அவர் தூக்கியது 1942-க்கு முந்திய நீள ரைபிளாக இருந்திருக்கும்.