குறைந்த செலவில் சைக்கிள் வீல் கட்ட எந்த ஹப், என்ன பாகங்கள் வாங்கலாம்?

700சி அளவு ரிம் (வெளி வளையம்), 32 ஸ்போக் ஓட்டை, பின்னால் 8 அல்லது 9 பல்சக்கரம் (ஸ்பீடு), தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கிராம் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. அவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது அவர்களுக்கானது இல்லை.

முன் ஹப் (வீலின் நடு உருளை) ஓரளவு சுமாராக இருந்தாலும் ஓடிவிடும். காசைப் பின் ஹப்பில் போடுங்கள். ஃப்ரீவீல் (பல்சக்கரமும் ராட்செட்டும் ஒன்றாக உள்ள தொகுதி) மரையில் திருகி மாட்டும் ஹப் மலிவுதான். ஆனால் அதில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருக்கும். வெளியே நீளும் அச்சு பாரம் தாங்காமல் வளையும், முறியும். ராட்செட் ஹப்பிலேயே இருந்து, கேசட் (பல்சக்கர அடுக்கு) மட்டும் மேலே மாட்டும் ஃப்ரீஹப்பில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. ஃபிரேமில் பின் ஹப் உட்காரும் இடைவெளி 130 மி.மீ.யா, 135ஆ என்று அளந்துவிட்டு வாங்குங்கள். டிஸ்க் பிரேக், 135 என்றால் ஷிமானோ டிஎக்ஸ்505 தாராளமாகப் போதும்.

"அது கோன், பால்ஸ் ஆச்சே, சீல்டு பேரிங்தானே நல்லது?" என்று யாராவது கேட்பார்கள். கோன் என்பது தனித்தனி பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு; சீல்டு என்றால் மூடிய, மொத்தமாக மாற்றும் பேரிங். ஷிமானோ பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 1/4 அங்குல பால்ஸ் ஒன்பது, முன்னால் பக்கத்துக்கு 3/16 அங்குல பால்ஸ் பத்து. வருஷத்துக்கு ஒரு தடவை பால்ஸ் மாற்றி கிரீஸ் வைத்தால் நன்றாக உழைக்கும். இந்த ஹப்பைக் கொல்வது கோனை இறுக்கிவைப்பதுதான். க்விக் ரிலீஸை (வீலைப் பூட்டும் நெம்புகோல்) மூடும்போது அச்சு சற்று அமுங்கும். அதனால் திறந்திருக்கும்போது ஒரு மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும், மூடினதும் அது மறைய வேண்டும். சீல்டுதான் வேண்டும் என்றால் 6902, 6001 மாதிரி பேரிங் கடையில் கிடைக்கும் எண்ணா என்று பாருங்கள். ஃப்ரீஹப் இரும்பில் இருக்கட்டும். அலுமினியத்தில் கேசட் பல்சக்கரம் பள்ளம் போட்டு மாட்டிக்கொள்ளும்.

ஸ்போக் 14 கேஜ் (2 மி.மீ.) ஸ்டெயின்லெஸ், நிப்பிள் (ரிம் பக்கம் ஸ்போக்கை இறுக்கும் சிறு நட்டு) பித்தளை. அலுமினிய நிப்பிள் மழை ஈரத்தில் ஸ்போக்கோடு ஒட்டிக்கொண்டு, திருகும்போது உடையும்.

ஸ்போக் நீளத்தை ரிம் ஸ்டிக்கரில் உள்ள விட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நீளம் தெரிந்த இரண்டு பழைய ஸ்போக்கை நிப்பிளோடு எதிரெதிர் ஓட்டையில் விட்டு இழுத்து அளந்தால் நிஜ விட்டம் வரும். நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். உதாரணமாக, அந்த விட்டம் 600, ஃபிளேஞ்ச் (ஸ்போக் மாட்டும் ஹப் விளிம்பு) ஓட்டை வட்டத்தின் விட்டம் 45, ஹப் நடுவிலிருந்து ஃபிளேஞ்ச் இடப்பக்கம் 36, வலப்பக்கம் 20 மி.மீ. என்றால், மூன்று கிராஸுக்கு (ஒவ்வொரு ஸ்போக்கும் அதே பக்கத்து மூன்று ஸ்போக்கைக் குறுக்கே கடக்கும் பின்னல்) ஸ்போக் நீளம் இடப்பக்கம் 293, வலப்பக்கம் 291.5 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் போட்டால் ஒரு பக்கம் நிப்பிளில் மரை குறையலாம்.

வலப்பக்கம் 110 கிலோ இழுவை வைத்தால், இந்த உதாரண ஹப்பில் ரிம் நடுவில் நிற்க இடப்பக்கம் அறுபது கிலோ அளவுதான் ஏறும். அது இயல்பு, இடப்பக்கத்தைக் கூட்டினால் ரிம் அந்தப் பக்கம் சாயும். பெண்டு எடுத்து முடித்ததும் ஒரே பக்கத்து ஸ்போக்குகளை இரண்டு இரண்டாகக் கையால் அழுத்திப் பிசையுங்கள், முறுக்கு விடுபடும். மறுபடி பெண்டு பாருங்கள்.

இதைக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புது சைக்கிளில் ஸ்போக் உடைந்தால் "உங்க வெயிட் அதிகம் சார்" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் அநியாயம். மெஷினில் தளர்வாகக் கட்டின வீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்போக் தளர்ந்து தளர்ந்து இறுகும். கடைசியில் ஹப் பக்க வளைவில் முறியும். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினால் அடுத்தது தயாராக இருக்கும். வாங்கும்போதே பக்கத்துப் பக்கத்து ஸ்போக்கைப் பிடித்து அமுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் காசு கொடுக்கும் முன் மொத்த வீலையும் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.